வெட்டாமல் விட்ட கரை

க்ளூன்ரோ,
22 ஜனவரி 1995

அன்புள்ள கொன்னி,

நான் நலம். உன் கால் எப்படி இருக்கிறது? பாஸ்டன் பனியில் வழுக்கி விழுந்த உனக்கு இடுப்பில் இரும்பு வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்று உன் வீட்டுக்காரர் மாலக்கி தொலைபேசியில் சொன்னார். அம்மாவின் அடக்கத்துக்கு நீ வரவில்லை என்று இங்கே யாரும் குறை பேசவில்லை. பேசிய ஒருத்திக்கு நான் அங்கேயே பதில் சொல்லிவிட்டேன்.

அம்மாவின் கல்லறைக்கு இன்னும் கல் வைக்கவில்லை. போன வாரம் ஃபாதர் வந்திருந்தார். தேநீரை ஊதிக்கொண்டே, "டெர்வ்லா, கல்லு வைக்கத்தானே போற, அதுல ஃபிடெல்மா பேரையும் சேத்துப் போட்டுடலாமே. பதினோரு வருஷம் ஆகப்போகுது. மனசுக்கு ஒரு நிம்மதி கெடைக்கும்" என்றார்.

"யார் மனசுக்கு ஃபாதர்?" என்றேன்.

அவர் இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

நம் தங்கை கீழே இல்லாத இடத்தில் மேலே அவள் பெயரை நான் வெட்டவிட மாட்டேன். அம்மாவை வலது ஓரமாக இறக்கச் சொன்னேன். குழி தோண்டியவர் ஏன் என்று கேட்டார். இடது பக்கம் ஃபிடெல்மாவுக்கு என்றேன். 

இன்னொரு விஷயம். இந்த வருடம் அடுப்புக்கு எரிக்க எதுவும் இல்லை. சதுப்பில் நம் கரையில், கட்டியாக வெட்டிக் காயவைத்து எரிக்கிற நல்ல கறுப்பு மண் தீர்ந்துவிட்டது, வெறும் நார்தான் வருகிறது. சதுப்பில் டூஹி வீட்டுக் கரை சும்மாதானே கிடக்கிறது? அவர்கள் அப்பா அதை மாலக்கிக்கும் அவர் தம்பி பார்ட்லிக்கும் பிரிக்காமல்தானே விட்டுப் போனார்? மாலக்கியின் பங்கில் நான் இந்த மே மாதம் கொஞ்சம் கட்டி வெட்டிக்கொள்ளலாமா என்று கேட்டு எழுது. கொழுந்தியாள் கேட்கக்கூடிய சின்ன உதவிதான்.

பிள்ளைகளுக்கு என் முத்தம். ஊன்றுகோல் இல்லாமல் மாடிப்படி இறங்காதே.

உன் டெர்வ்லா


பாஸ்டன்,
12 பிப்ரவரி 1995

அன்பு டெர்வ்லா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். கால் மெதுவாகத் தேறுகிறது. வாசலில் முழங்கால் அளவுக்குப் பனி. மகன் தினமும் முணுமுணுத்துக்கொண்டே வாருகிறான்.

நீ ஏன் இந்த வயதில் சதுப்பில் நின்று முதுகை உடைத்துக்கொள்ள வேண்டும்? பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு வருவது போதாதா? இத்துடன் ஒரு காசோலை வைத்திருக்கிறேன். எண்ணெய் அடுப்பு வாங்கிக்கொள். ஊரில் பாதிப்பேர் இப்போது எண்ணெய்தானாமே.

கல்லில் அவள் பெயரைப் போடு, போடாதே. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நீ உன் வாழ்க்கையையும் கொஞ்சம் பார். உனக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.

அன்புடன்,
உன் அக்கா கொன்செப்டா


க்ளூன்ரோ,
26 பிப்ரவரி 1995

அன்புள்ள கொன்னி,

நலம். உன் கால் தேறுவதில் மகிழ்ச்சி. காசோலையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எண்ணெய் வாங்க என்னிடம் பணம் இருக்கிறது. நான் கேட்டது வேறு. உனக்கும் அது தெரியும்.

உனக்குத் தெரிந்ததையே மறுபடி எழுதப்போகிறேன். அம்மா இருந்தவரை இந்த வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஃபிடெல்மாவின் தட்டை மட்டும் அம்மா தினமும் கழுவி வைப்பாள். இனி என்னால் அப்படி இருக்க முடியாது.

1984 மே மாதம் ஒரு வியாழக்கிழமை. பார்ட்லியோடு பழகியது போதும், இனி ஒத்துவராது, அதை இன்றைக்கே அவன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஃபிடெல்மா சைக்கிளை எடுத்தாள். சதுப்புச் சாலையில் அவள் மிதித்துப் போனதை நம் ஊர்க்காரர் பாக்கி கோயின் பார்த்தார். பிறகு யாரும் பார்க்கவில்லை. மறுநாள் பார்ட்லி என்ன சொன்னான்? "அவ கால்வே பஸ்ஸுல ஏறுனத நான் பாத்தேன்" என்றான். அவ்வளவுதான், ஊர் முழுக்கப் பெருமூச்சு விட்டது. இங்கிலாந்துக்குப் போய்விட்டாள்! நம் ஊரில் ஒரு பெண்ணைக் காணவில்லை என்றால் இங்கிலாந்து என்று சொன்னால் போதும். யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். கேட்டால் அவள் வயிற்றில் பிள்ளை இருந்ததா என்று பேச வேண்டி வரும். கேட்காமலிருப்பதுதான் மரியாதை. அவளுடைய சேமிப்புப் புத்தகமும் நல்ல கோட்டும் அலமாரியில் கிடந்தன. அதை யாரும் பார்க்க விரும்பவில்லை.

நான் பார்த்தது இன்னொன்று. அந்த வருடம் எப்படிப்பட்ட கோடை என்று உனக்குத் தெரியாது, நீ அங்கே இருந்தாய். மேயிலிருந்து ஆகஸ்ட் வரை சரியாக ஒரு மழை இல்லை. வெட்டிய கட்டி இரண்டே வாரத்தில் காய்ந்தது. ஊரே சதுப்பில்தான் கிடந்தது. டூஹி வீட்டுக் கரையில் மட்டும் ஆள் இல்லை. அதற்குப் பிறகு ஒரு வருடமும் இல்லை. இந்த வட்டாரத்திலேயே கறுப்பான, கல் மாதிரி எரிகிற மண் அது. அதை விட்டுவிட்டு பார்ட்லி கடையில் நிலக்கரி வாங்குகிறான். முதுகு வலியாம். அந்த முதுகோடுதான் அவன் வைக்கோல் கட்டுகளைத் தூக்கி வண்டியில் எறிகிறான். வெட்ட முடியாதவன் குத்தகைக்கு விடுவான். மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூன்று பேரிடமும் முடியாது என்றான்.

நல்ல கரையைச் சும்மா போடுகிறவனை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?

மாலக்கியிடம் கேட்டுச் சொல். மே மாதம் வெட்டலாமா?

உன் டெர்வ்லா


க்ளூன்ரோ,
2 ஏப்ரல் 1995

அன்புள்ள கொன்னி,

உன்னிடமிருந்து பதில் இல்லை. கால் மோசமாகிவிட்டதோ என்று பயந்து தொலைபேசியில் கூப்பிட்டேன். உன் மகள் எடுத்தாள். அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள், குளித்துக்கொண்டிருக்கிறாள் என்றாள். மறுநாளும் நீ குளித்துக்கொண்டிருந்தாய்.

நான் கோபமாக இல்லை. நீ அந்த வீட்டு மருமகள். உன் பிள்ளைகளுக்கு அவன் சித்தப்பா. இதைச் சொல்லாமல் நாம் இருவரும் எத்தனை கடிதம் எழுதிவிட்டோம்! நான்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், சொல்லிவிட்டேன்.

காவல் நிலையத்துக்கும் போனேன். புது சார்ஜண்ட். சின்ன வயது, நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "டீச்சர், ஒரு கரை வெட்டலேங்கறத வெச்சு நான் வாரண்ட் கேட்டா, நீதிபதி என்னைத்தான் சதுப்புல பொதைப்பாரு."

"பொதைச்சா நான் வந்து உங்களத் தேடுவேன்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டுப் பிறகு சிரிக்கக்கூடாது என்று நிறுத்திக்கொண்டார். ஆனால் ஒன்று கேட்டுக்கொண்டு வந்தேன். கரையின் பங்காளி ஒருவர் சம்மதித்து நான் அடுப்புக்குக் கட்டி வெட்டினால் அதில் குற்றம் உண்டா? "இல்ல. அது உங்க வீட்டு விஷயம்" என்றார்.

பார்ட்லி ஞாயிறு பூசையில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறான். என் முன்னால் நீட்டும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் பார்க்கிறேன்.

பதில் எழுது. மாட்டேன் என்றாவது எழுது. ஆனால் ஒன்று: கொழுந்தியாளுக்கு நாலு கட்டி வெட்டக்கூடாது என்று ஒருவர் மறுத்தால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

டெர்வ்லா


பாஸ்டன்,
23 ஏப்ரல் 1995

டெர்வ்லா,

வெட்டு.

மாலக்கி சொல்லச் சொன்னார். அது பிரிக்காத கரை, எங்கே வேண்டுமானாலும் வெட்டலாமாம். அவருடைய பழைய மண்வெட்டி, பக்கத்தில் இறக்கை மாதிரித் தகடு வைத்தது, பாக்கி கோயின் வீட்டுப் பரணில் இருக்கிறதாம். கேட்டு வாங்கிக்கொள்.

உன் பிப்ரவரிக் கடிதத்தை அவர்தான் முதலில் பிரித்தார். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. வேறொன்றும் இப்போது எழுத முடியவில்லை.

மழைக்கால பூட்ஸ் போட்டுக்கொண்டு போ.

கொன்னி


க்ளூன்ரோ,
21 மே 1995

அன்புள்ள கொன்னி, அன்புள்ள மாலக்கி,

நலம்தான். உள்ளங்கை மட்டும் கொப்பளித்திருக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

பாக்கியிடம் மண்வெட்டி கேட்டுப் போனேன். எதற்கு என்று கேட்பார், என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன். அவர் கேட்கவில்லை. பரணில் ஏறி எடுத்து, விளிம்பைத் தீட்டி, என் கையில் கொடுத்தார். "எங்க வெட்டப்போற?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டார்.

சனிக்கிழமை தனியாகத்தான் ஆரம்பித்தேன். மேற்புல்லை உரிக்கவே ஒரு பகல் போயிற்று. சாலை வழியாக டிராக்டர்கள் போயின. வழக்கமாகச் சதுப்பில் ஒருத்தி தனியாக வெட்டுவதைப் பார்த்தால் யாராக இருந்தாலும் வண்டியை நிறுத்துவார்கள். அது உங்களுக்குத் தெரியும். பகையாளி வீடாக இருந்தாலும் ஒரு வரிசை வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். அன்று ஒருவரும் நிற்கவில்லை. வேகத்தை மட்டும் குறைத்தார்கள். நான் நிமிர்ந்து ஒவ்வொருவருக்கும் கையசைத்தேன், பெயர் சொல்லி.

அடுத்த சனிக்கிழமை பார்ட்லி வந்தான்.

"என்ன டெர்வ்லா, என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?"

"மாலக்கியக் கேட்டேன். சரின்னுட்டாரு."

"அவன் பாஸ்டன்ல ஒக்காந்துகிட்டு என்ன வேணா சொல்லுவான். இந்தப் பக்கம் ஈரம். கரை சரிஞ்சு உள்ள போயிருவ."

"போனா தேடுவீங்களா, இல்ல நான் பஸ் ஏறிட்டேன்னு சொல்லுவீங்களா?"

அவன் முகம் போன போக்கு! அந்த நேரத்தில் சாலையில் ஒரு வேன் நின்றது. கடைக்காரி பைனா ஹெனகன். வாரம் முழுக்கக் கடையைச் சாத்தாதவள், சனிக்கிழமை மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு, கூடையில் ரொட்டியும் ஃபிளாஸ்க்கில் தேநீருமாக இறங்கி வந்தாள்.

"டீச்சர், மண்வெட்டியப் புடிக்கிற லட்சணத்தப் பாரு. சாக்பீஸ் புடிக்கிற மாதிரி! தள்ளு. நீ வெட்டி முடிக்கறதுக்குள்ள கிறிஸ்துமஸ் வந்துரும்." பிறகு பார்ட்லியைப் பார்த்து, "நீ நிக்கப்போறியா, இல்ல கட்டி அடுக்கப்போறியா? சும்மா நிக்கறவங்களுக்கு டீ கெடையாது" என்றாள்.

அவன் போய்விட்டான். நேற்று பாக்கி வந்தார், தன் மகன்கள் இருவரோடு. யாரும் ஃபிடெல்மா பெயரைச் சொல்லவில்லை. மழை வருமா என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் ஐந்து மண்வெட்டிகள் இருந்தன, கொன்னி. பதினோரு வருடமாக ஒரு வார்த்தை பேசாதவர்கள் வேலை செய்ய வந்துவிட்டார்கள். நான் ஒரு ஓரமாகப் போய் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். அழுவதைப் பார்த்தால் அவர்கள் கூச்சப்பட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

உன் டெர்வ்லா


பாஸ்டன்,
1 ஜூன் 1995

அன்பு டெர்வ்லா,

உன் கடிதத்தை மாலக்கி சத்தமாக வாசித்தார். பைனா பேசிய இடத்தில் மூன்று மாதத்தில் முதல் முறையாகச் சிரித்தார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார்.

ஜூலையில் என் இடுப்பை மறுபடி திறக்கப்போகிறார்கள். இரும்பு சரியாக உட்காரவில்லையாம். முன்பே சொல்லியிருக்க வேண்டும். நலம் நலம் என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

மாலக்கி ஒன்று கேட்கச் சொன்னார். அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுகிறேன்: "கரை மேல எங்கயாச்சும் ஹெதர் செடி இல்லாம கோரை மட்டும் மொளச்சிருக்கான்னு பாக்கச் சொல்லு. வெட்டாத கரையில கோரை வராது. மண்ணத் தோண்டி மூடுன எடத்துலதான் வரும்."

அவர் இதைச் சொல்லும்போது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் அவருடைய தம்பி.

நிறுத்தாதே.

கொன்னி


க்ளூன்ரோ,
11 ஜூன் 1995

கொன்னி,

தொலைபேசியில் சொன்னதைத்தான் எழுதுகிறேன். அழுகையில் நான் சொன்னது உனக்குச் சரியாகக் கேட்டதோ என்னவோ.

கிழக்கு முனையில், ஒரு மேசை அளவுக்குக் கோரை. முதலில் பாக்கியின் மண்வெட்டி இரும்பில் பட்டது. சைக்கிள். அவர் மண்வெட்டியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். "டீச்சர், நீ கொஞ்சம் அந்தப் பக்கம் போம்மா" என்றார். நான் போகவில்லை.

சதுப்பு எதையும் அழிப்பதில்லை என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். நீல மழைக்கோட்டு, அம்மா பின்னிய தொப்பி, எல்லாம் அப்படியே. முடி மட்டும் சிவப்பாகியிருந்தது. பதினோரு வருடம் நமக்குத்தான் ஆகியிருக்கிறது, அக்கா. அவளுக்கு ஆகவில்லை.

சார்ஜண்ட் வந்து கயிறு கட்டினார். பைனா அவரிடம், "இத்தன நாளா வராதவங்க இப்ப எங்களத் தள்ளி நிக்கச் சொல்றீங்களா?" என்றாள். யாரும் தள்ளி நிற்கவில்லை. வண்டி வரும்வரை எல்லோரும் சுற்றி நின்றோம். அவளைத் தனியாக விடவில்லை.

டெர்வ்லா


பாஸ்டன்,
20 ஜூன் 1995

என் டெர்வ்லா,

எனக்கு எல்லாம் கேட்டது.

நான் பயணம் செய்யக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அம்மாவுக்கும் வரவில்லை, இவளுக்கும் வரவில்லை. என் இடத்தில் மாலக்கி வருகிறார். அவரே கேட்டார். அவரை எங்கே நிற்க வைப்பது என்று நீ முடிவு செய்.

வருவதற்கு முன் உனக்கு இது தெரிய வேண்டும். அப்போதெல்லாம் ஒவ்வொரு ஜூனிலும் அவர் கட்டி வெட்ட ஊருக்கு வருவார், நினைவிருக்கிறதா? 84இல் பயணச்சீட்டுகூட வாங்கிவிட்டார். மே கடைசியில் பார்ட்லி தொலைபேசியில் கூப்பிட்டான். விடாத மழை, சதுப்பு முழுக்கத் தண்ணீர், கரையில் கால் வைக்க முடியாது, இந்த வருடம் வராதே என்றான். அவர் நம்பினார். நானும் நம்பினேன். பிறகு பிள்ளைகள், வேலை என்று போகாமலே பழகிவிட்டது.

பிப்ரவரியில் நீ எழுதினாய், அந்தக் கோடையில் மழையே இல்லை என்று. அவர் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் ஏன் இரண்டு மாதம் எழுதவில்லை என்று இப்போது உனக்குப் புரியும். நீ கேட்டது எங்களுக்குத் தெரியாத விஷயமாக இருந்தவரை பதில் சொல்லலாம். அன்றிலிருந்து அது தெரிந்த விஷயம்.

அவர் இதைப் போலீசிடம் சொல்வார். போதாது என்பார்கள், தெரியும். இருந்தாலும் சொல்வார்.

அவளுக்கு என் முத்தத்தைக் கொடு.

கொன்னி


க்ளூன்ரோ,
16 ஜூலை 1995

அன்புள்ள கொன்னி,

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று அங்கே திரும்பிய மாலக்கி தொலைபேசியில் சொன்னார். மனம் நிம்மதியாயிற்று. இங்கே நடந்ததை எல்லாம் விட்டுப்போகாமல் உனக்கு எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

பார்ட்லியை இரண்டு நாள் வைத்து விசாரித்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. விட்டுவிட்டார்கள். கரை யாருக்கும் திறந்து கிடந்தது, யார் வேண்டுமானாலும் புதைத்திருக்கலாம், பதினோரு வருடத்துக்கு முந்தைய ஒரு தொலைபேசிப் பேச்சு ஆதாரம் ஆகாது. வழக்கு முடியவில்லை என்று சார்ஜண்ட் சொன்னார். "எனக்கும் முடியல" என்றேன்.

ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். முன்னறையில், ஜன்னலோரம். இரவு முழுவதும் ஊர் வந்துபோனது. பைனா செய்த சாண்ட்விச் ஒரு படைக்குப் போதும். மறுநாள் கோயிலில், வழக்கப்படி, முன்வரிசையில் குடும்பம் உட்கார்ந்தது. குடும்பம் என்றால் நான். எனக்குப் பக்கத்து இடத்தைக் காட்டி, "இங்க ஒக்காருங்க" என்று மாலக்கியிடம் சொன்னேன். அவர் உட்கார்ந்தார்.

ஜனங்கள் வரிசையாக வந்து கைகுலுக்கினார்கள். "உங்க துக்கத்துக்கு வருத்தப்படுறேன்" என்று ஒவ்வொருவரும். அந்தச் சொல்லைப் பதினோரு வருடமாக நமக்கு யாரும் சொல்லவில்லை. இங்கிலாந்துக்குப் போனவளுக்கு அதை எப்படிச் சொல்வது? முந்நூறு பேராவது இருக்கும், கை மரத்துப்போயிற்று, ஆனால் ஒருவர் சொல்வதையும் விடாமல் கேட்டேன்.

அவனும் வரிசையில் வந்தான்.

வராமல் இருக்க முடியாது, கொன்னி. நம் ஊரில் ஒரு சாவுக்குக் கைகுலுக்க வராதவனை எல்லோரும் கவனிப்பார்கள். வராவிட்டால் அதுவே ஒப்புக்கொண்ட மாதிரி. அதனால் கறுப்புக் கோட்டும் டையுமாக, தலையைக் குனிந்துகொண்டு வந்து கையை நீட்டினான்.

"உங்க துக்கத்துக்கு வருத்தப்படுறேன், டெர்வ்லா."

நான் அவன் கையைப் பிடித்தேன். ஒரு மாதம் மண்வெட்டி பிடித்த கை. விடவில்லை.

"எதுக்கு வருத்தப்படுற, பார்ட்லி?"

"என்ன?"

"எதுக்குன்னு கேட்டேன். இவங்க எல்லாரும் அவ செத்ததுக்கு வருத்தப்படுறாங்க. நீ எதுக்கு? சொல்லு, கேக்கறேன்."

நான் கத்தவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல், அவ்வளவுதான். அவன் கையை இழுத்துப் பார்த்தான். பின்னால் வரிசை நின்றுவிட்டது.  ஃபாதர் பீடத்திலிருந்து ஒரு படி இறங்கினார். இரண்டாவது பெஞ்சிலிருந்த பாக்கி அவரைப் பார்த்து, வேண்டாம் என்று மெதுவாகத் தலையை ஆட்டினார். ஃபாதர் அங்கேயே நின்றுவிட்டார்.

பார்ட்லி அண்ணனைப் பார்த்தான். சின்ன வயதில் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் பார்த்திருப்பானே, அந்தப் பார்வை.

மாலக்கி எழுந்து நின்றார். அவன் பக்கம் போகப்போகிறாரோ என்று ஒரு நொடி பயந்தேன். அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அவ கேக்குறால்ல. பதில் சொல்லுடா."

அவன் சொல்லவில்லை. நான் கையை விட்டேன், ஏனென்றால் பின்னால் இன்னும் நூறு பேர் நின்றிருந்தார்கள். ஃபிடெல்மா காத்துக்கொண்டிருந்தாள். அவன் நடுப்பாதை வழியாக வெளியே போனான். யாரும் அவனுக்கு ஒதுங்கி வழிவிடவில்லை. இடித்துக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

அம்மாவின் இடது பக்கத்தில் அவளை இறக்கினோம். கொத்தனிடம் கல்லுக்குச் சொல்லிவிட்டேன். "ஊர்ல எல்லாரும் 'இறைவனில் இளைப்பாறினாள்'னு போடுவாங்க" என்றார். "இவ இளைப்பாறல. கொன்னாங்க. அப்படியே போடுங்க" என்றேன். ஃபாதருக்குப் பிடிக்காது. கல் என்னுடையது.

வெட்டிய கட்டிகள் சாலையோரம் காய்ந்து அடுக்கியிருக்கின்றன. யாரும் தொடுவதில்லை, நானும் எரிக்க மாட்டேன். இருக்கட்டும். அவன் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

போன ஞாயிறு பூசைக்கு முன்னால் கோயில் வாசலில் நின்றேன், கையை நீட்டிக்கொண்டு. வேறு எதுவும் செய்யவில்லை. எல்லோரும் குலுக்கிவிட்டு உள்ளே போனார்கள். அவன் காரை விட்டு இறங்கவே இல்லை, திருப்பிக்கொண்டு போய்விட்டான். காணிக்கைத் தட்டை இப்போது பாக்கியின் மகன் ஏந்துகிறான். பார்ட்லி பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் போகிறானாம்.

அங்கே பூசை பத்தரைக்கு என்று பைனா விசாரித்துச் சொன்னாள். தானும் வருவதாகச் சொல்கிறாள். காரில் பெட்ரோல் இருக்கிறது.

தையல் பிரிக்கும்வரை குனியாதே. மாலக்கியைக் கேட்டதாகச் சொல். அவருடைய மண்வெட்டியைத் தீட்டி எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.

உன் தங்கை,
டெர்வ்லா